‘கெட்’ என்ற சொல்லை எப்படிப் பிடிப்பது?

கேள்வி:

திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு ஊர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்துச் சென்னையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் தேறி, ஐந்து மாதமாக இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். மருந்துப் பெயர், நோயின் பெயர் எதிலும் பிரச்சினை இல்லை. ‘கெட்’ என்ற சின்னச் சொல்தான் என்னைப் படுத்துகிறது. போன வாரம் நைட் ட்யூட்டியில் ஒரு பாட்டி, “ஐ ஜஸ்ட் கான்ட் கெட் கம்ஃபர்டபிள், லவ்” என்றார். எதையோ கேட்கிறார், அது கிடைக்கவில்லை போல என்று நினைத்து, “வாட் டு யூ வான்ட் டு கெட்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் வார்டு சிஸ்டர், “ஹவ் டிட் யூ கெட் ஆன்?” என்று விசாரித்தார். எந்த பஸ்ஸில் வந்தேன் என்று சொன்னேன். அகராதியைப் பார்த்தால் முதலில் ‘பெறு, அடை’ என்றுதான் இருக்கிறது. பள்ளியில் ‘காட்’ என்று எழுதினால் டீச்சர் சிவப்பு மையில் அடித்து ‘ரிசீவ்டு’ என்று மாற்றுவார். இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? அந்தப் பாட்டியிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நர்ஸுகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவதுதான் என் தொழில். மருந்தின் பெயர் வாயில் நுழையவில்லை என்று இதுவரை ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. ‘கெட்’, ‘புட்’, ‘டேக்’ என்று ஒன்றாம் வகுப்பில் படித்த சொற்களில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே உங்கள் ஆங்கிலத்தில் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். நாம் படித்தது புத்தக ஆங்கிலம். படுக்கையில் இருப்பவர் பேசுவது வீட்டு ஆங்கிலம். வலியில் இருக்கும்போது யாரும் புத்தகத்தைப் போலப் பேசுவதில்லை.

அகராதி சொல்லும் ‘பெறு’ பொய்யில்லை. ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் எனக்குக் கடிதம் வந்தது என்றுதான் பொருள். ஆனால் ஒரு நாள் முழுக்க வார்டில் உங்கள் காதில் விழும் ‘கெட்’களை எண்ணிப் பார்த்தால் ‘பெறு’ பொருந்துகிற இடம் கொஞ்சமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் முதல் நாளே நான் பலகையில் எழுதுகிற சொல் ‘ஆகு’. பேச்சில் சொன்னால், ‘ஆயிடுச்சு’.

சென்னையில் வேலை பார்த்தபோது எப்படிப் பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘பேஷன்ட் டயர்ட் ஆயிட்டாரு.’ ‘நான் கன்ஃப்யூஸ் ஆயிட்டேன்.’ ‘லேட் ஆயிடுச்சு.’ ‘அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.’ இந்த நாலையும் உங்களோடு வேலை செய்யும் ஆங்கிலேயர் சொன்னால் நாலிலும் ‘கெட்’ வரும். ஹி காட் டயர்ட். ஐ காட் கன்ஃப்யூஸ்டு. இட் காட் லேட். ஷி காட் மேரீடு. முன்பு ஒரு நிலை, இப்போது வேறொரு நிலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்ததைச் சொல்ல நமக்கு ‘ஆகு’ எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு ‘கெட்’. ஆங்கிலப் பெயரடையோடு ‘ஆயிடுச்சு’ சேர்த்துப் பேசத் தெரிந்த எந்தத் தமிழருக்கும் இந்தச் சொல்லில் பாதி ஏற்கெனவே தெரியும். யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பாட்டி சொன்னதைக் கேளுங்கள். ‘ஐ ஜஸ்ட் கான்ட் கெட் கம்ஃபர்டபிள், லவ்.’ எப்படிப் படுத்தாலும் தோதாவே இல்லம்மா. அவருக்கு எந்தப் பொருளும் தேவைப்படவில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் இடுப்பு வலிக்கிறது, அந்தப் பக்கம் திரும்பினால் தோள் வலிக்கிறது, நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். ‘அயாம் நாட் கம்ஃபர்டபிள்’ என்று அவர் சொல்லியிருந்தால் உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். ஆனால் அதைவிட இது ஒரு படி அதிகம். பல விதமாகப் படுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரிப்படவில்லை என்ற சலிப்பு அந்தக் ‘கெட்’டில்தான் இருக்கிறது.

உங்கள் வேலைக்கு இது வெறும் இலக்கணச் சமாச்சாரம் இல்லை. ‘ஷி இஸ் கன்ஃப்யூஸ்டு’ என்று ஹேண்டோவரில், அதாவது ட்யூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கையில், சொன்னால், அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே மறதி நோய் இருக்கிறது, எப்போதும் இப்படித்தான் என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். ‘ஷி இஸ் கெட்டிங் கன்ஃப்யூஸ்டு’ என்று சொன்னால் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க நீங்கள் தினமும் நிரப்பும் நியூஸ்-2 படிவத்தில், அதாவது 2017-இல் அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் வெளியிட்ட பதிப்பில், புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டும் 3 மதிப்பெண் இருப்பது உங்களுக்கே தெரியும். ஒரே கட்டத்தில் 3 விழுந்தால் உடனே ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். பழைய குழப்பமா, புதுக் குழப்பமா என்பதுதான் அங்கே கேள்வி. ‘இஸ்’ஸுக்கும் ‘இஸ் கெட்டிங்’குக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசமும் அதேதான். மூச்சு விஷயத்திலும் அப்படியே. ஒரு நோயாளி உங்களிடம் ‘அயாம் கெட்டிங் பிரெத்லெஸ்’ என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போங்கள்.

சரி, ‘ஆகு’ ஒன்றை வைத்து எல்லாவற்றையும் சமாளிக்க முடியுமா? முடியாது. இரண்டாவது சாவி, ‘கெட்’டை விட்டுவிட்டு அதற்கு அடுத்து வருவதைக் கேட்பது. ‘கெட்’ தனியாக ஒன்றும் சொல்லாது. பின்னால் என்ன வருகிறதோ அதுதான் பொருளைத் தீர்மானிக்கும். காலையில் நைட் நர்ஸ் ஹேண்டோவர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“ஹிஸ் பிரீதிங் காட் பெட்டர் ஓவர்நைட்” என்கிறார். ‘காட்’டுக்குப் பின்னால் ‘பெட்டர்’. பெயரடை வந்தால் ‘ஆகு’: மூச்சு ராத்திரியில் தேவலை ஆகியிருக்கிறது. “வீ குடன்ட் கெட் எ லைன் இன்” என்கிறார். பின்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால் ‘கிடை’: வெயின் கிடைக்கவில்லை, ஊசி ஏற்ற முடியவில்லை. “ஹிஸ் டாட்டர் இஸ் கெட்டிங் ஹிஸ் கிளாஸஸ்” என்றாலும் பின்னால் பொருள்தான். ஆனால் இது ‘எடுத்து வா’: கண்ணாடியை எடுத்துவர மகள் போயிருக்கிறார். “வீவ் காட் டு கெட் ஹிம் டு எக்ஸ்ரே பை டென்” என்கிறார். இந்த வாக்கியத்தில் இரண்டு இருக்கின்றன. முதல் ‘காட் டு’, செய்தே ஆக வேண்டும் என்பது. இரண்டாவது ‘கெட்’டுக்குப் பின்னால் ஆளும் இடமும் வருவதால் ‘கொண்டு சேர்’: பத்து மணிக்குள் அவரை எக்ஸ்ரேக்குக் கொண்டு சேர்த்தாகணும். கடைசியாக, “ட்ரை அண்ட் கெட் ஹிம் டு ஈட் ஸம்திங்.” ஆளும் ஒரு வினையும் வந்தால் ‘செய்ய வை’: எதையாவது சாப்பிட வைக்கப் பாருங்கள்.

ஒரு நிமிஷப் பேச்சில் ஆறு ‘கெட்’. தமிழில் ஆகு, கிடை, எடுத்து வா, ஆக வேண்டும், சேர், வை என்று ஆறு வினை. அகராதியைத் திறந்து ஆறையும் ‘பெறு’ என்று மாற்றினால் தலை சுற்றத்தான் செய்யும்.

‘கிடை’ விஷயத்தில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் இந்த மாதிரி இடங்களில் எல்லாம் ‘எனக்கு’ என்று ஆரம்பிப்போம். எனக்குக் கடிதம் கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு அடிக்கடி தலைவலி வரும். எனக்குப் புரிந்தது. வருவதும் கிடைப்பதும் கடிதமும் காய்ச்சலும்தான், நாம் சும்மா நிற்கிறோம். ஆங்கிலத்தில் இந்த ‘எனக்கு’ எழுந்து ‘ஐ’ ஆகி வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் ‘கெட்’ வரும். ஐ காட் எ லெட்டர். ஐ கெட் ஹெட்ஏக்ஸ். ஐ கெட் இட். ‘ஆர் யூ கெட்டிங் எனி பெய்ன்?’ என்றால் உங்களுக்கு வலி ஏதாவது வருகிறதா என்றுதான். என் மாணவிகள் ‘பெய்ன் இஸ் கமிங் டு யூ?’ என்று கேட்பார்கள். நோயாளிக்குப் புரியும், ஆனால் வலி கதவைத் தட்டிக்கொண்டு வருவதுபோல இருக்கும். தமிழில் ‘எனக்கு… வரும், கிடைக்கும், புரியும்’ என்று மனதில் ஓடினால், ‘ஐ கெட்’ என்று வாயைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அடுத்தது இடம். ‘கோ’வும் ‘கெட்’டும் இரண்டுமே போவதுதானே என்று கேட்பீர்கள். ‘ஐ வென்ட் டு த டாய்லெட்’ என்றால் போனேன், அவ்வளவுதான். ‘ஐ காட் டு த டாய்லெட்’ என்றால் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். நடுவில் ஏதோ தடை இருந்தது, அதைத் தாண்டினேன் என்பது அதற்குள் இருக்கிறது. தூரம், வலி, ஆடும் கால்கள், எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளிகளைத் தெரபிஸ்டுகள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். ‘ஹவ் டு யூ கெட் அப் த ஸ்டெயர்ஸ்?’, ‘கேன் யூ கெட் இன் அண்ட் அவுட் ஆஃப் த பாத்?’ மாடி ஏறுகிறீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை. எப்படிச் சமாளித்து ஏறுகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

இதில் ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்கள் கட்டாயம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வயதான ஒருவர் குரலைத் தாழ்த்தி, முகத்தைப் பார்க்காமல், ‘ஐ டிடன்ட் கெட் தேர் இன் டைம்’ என்பார். எங்கே, எதற்கு என்று சொல்ல மாட்டார். பாத்ரூம் போய்ச் சேருவதற்குள் ஆகிவிட்டது என்று பொருள். எங்கே போகவில்லை என்று திருப்பிக் கேட்டால் அந்த மனிதர் கூசிப்போவார். திரையை இழுத்துவிட்டு, ‘நாட் டு வொரி, லெட்ஸ் கெட் யூ சார்ட்டட்’ என்று சொல்லி மாற்றுத் துணியை எடுங்கள். ‘லெட்ஸ் கெட் யூ சார்ட்டட்’ என்றால், ‘பரவாயில்லை, சரி பண்ணிடலாம்’ என்று நம் ஊரில் சொல்வோமே, அது.

இந்த ‘கெட் யூ’ அமைப்பு வார்டில் மணிக்கொரு தடவை வரும். ஷால் வீ கெட் யூ வாஷ்டு அண்ட் டிரெஸ்டு? லெட்ஸ் கெட் யூ இன்டு த சேர். ‘கெட்’டுக்குப் பின்னால் ஆள், அதற்குப் பின்னால் அந்த ஆள் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பது. ‘ஐ வில் வாஷ் யூ’ என்று சொன்னால் பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி இருக்கும். ‘லெட்ஸ் கெட் யூ வாஷ்டு’ என்றால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை ஆகிவிடுகிறது. இந்த ஒன்றை மட்டும் பழகிக்கொண்டாலே நோயாளிகள் உங்களிடம் பேசும் தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள். என் மாணவிகள் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், நாம் பிறரை வைத்துச் செய்துகொள்ளும் வேலைகள். ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்கிறோம். வெட்டியது சலூன்காரர். அது ‘கிட்டேன்’ என்பதிலேயே வந்துவிடுகிறது. இதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று மொழிபெயர்த்தால், நீங்களே கண்ணாடி முன்னால் நின்று கத்தரியை எடுத்ததாகத்தான் அவர்களுக்குப் படும். ஐ காட் மை ஹேர் கட். பொருளை நடுவில் வையுங்கள், செயலைக் கடைசியில் வையுங்கள். நோயாளி ‘ஐ காட் மை பிளட்ஸ் டன் யெஸ்டர்டே’ என்பார். நேற்று ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டேன் என்பதுதான் அது. ‘பிளட்ஸ்’ என்று பன்மையில் சொல்வது அந்த ஊர் ஆஸ்பத்திரி வழக்கம், திகைக்க வேண்டாம்.

‘ஹாவ் காட்’ பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. ‘ஹாவ் யூ காட் எனி அலர்ஜீஸ்?’ என்றால் ‘டு யூ ஹாவ்’ என்பதேதான், தமிழில் ‘இருக்கா?’. ‘ஐவ் காட் டு கோ’ என்றால் போயாகணும். அந்தப் ‘போயாகணும்’ என்பதற்குள்ளும் நம்முடைய ‘ஆகு’ ஒளிந்திருப்பதைப் பாருங்கள். எனக்கு இது எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத விஷயம். அமெரிக்கர்கள் ‘ஹாவ் காட்டன்’ என்று சொல்வதைத் தொடர்களில் கேட்டிருப்பீர்கள். அது தப்பில்லை, பழைய ஆங்கில வடிவம். பிரிட்டனில் அது வழக்கொழிந்துவிட்டாலும் ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லில் இன்னும் மிச்சமிருக்கிறது. நீங்கள் யார்க்‌ஷயரில் இருப்பதால் ‘காட்’ போதும்.

உங்கள் சிஸ்டர் கேட்ட ‘ஹவ் டிட் யூ கெட் ஆன்?’ என்பது, ட்யூட்டி எப்படிப் போச்சு, சமாளிச்சியா என்ற விசாரிப்பு. ‘நாட் டூ பேட், தாங்க்ஸ்’ என்றால் போதும். பஸ் கதையை அவர் மறந்தே போயிருப்பார். ‘ஐ கெட் ஆன் வித் ஹர்’ என்றால் அவளோடு எனக்கு ஒத்துப்போகும். ‘கெட் பை’ என்றால் காலத்தை ஓட்டுவது, ‘கெட் ஓவர்’ என்றால் நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது. போனில் உறவினர் ‘ஐ குடன்ட் கெட் த்ரூ’ என்றால் லைன் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ‘இட்ஸ் கெட்டிங் மீ டவுன்’ என்று யாராவது சொன்னால் மட்டும் அவசரப்பட்டு நகர்ந்துவிடாதீர்கள். மனசு விட்டுப்போகிறது என்கிறார். ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார முடிந்தால் உட்காருங்கள், குறிப்பிலும் எழுதுங்கள்.

‘ஆயிடுச்சு’ வந்தால் ‘கெட்’ என்று சொன்னேன். அந்தப் பாதையில் சில குழிகள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘பாஸ் ஆயிட்டேன்’ என்பது ‘ஐ பாஸ்டு’, ‘ஐ காட் பாஸ்டு’ இல்லை. ‘ஃபெயில் ஆயிட்டான்’ என்பதும் அப்படித்தான். ‘பேஷன்ட் காட் ஃபால்’ என்று எழுதக் கூடாது, ‘ஹாட் எ ஃபால்’ என்பதுதான் அங்கே வழக்கு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, நம் ஆஸ்பத்திரிகளில் எல்லோரும் சொல்லும் ‘பேஷன்ட் காட் எக்ஸ்பயர்டு’. அங்கே எக்ஸ்பயர் ஆவது மருந்தும் பால் பாக்கெட்டும்தான். ஒரு மகளிடம் அவள் அப்பாவைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னால் அவளுக்குச் சட்டென்று புரியாது, புரிந்ததும் வலிக்கும். ‘ஹி டைட்’ அல்லது ‘ஹி ஹாஸ் டைட்’ என்று சொல்லுங்கள். நமக்கு அந்தச் சொல் கடுமையாகத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் சுற்றி வளைக்காத தெளிவான சொல்தான் அவர்களுக்கு உதவும். அதற்கு முன்னால் ‘அயாம் ஸோ சாரி’ என்பதை மெதுவாகச் சொன்னால் போதும்.

இன்னொன்று ‘கெட் டவுன்’. பஸ்ஸிலிருந்து இறங்குவது, காரிலிருந்து இறங்குவது, கட்டிலிலிருந்து இறங்குவது எல்லாம் நமக்கு ஒரே ‘இறங்கு’. அதனால் எல்லாவற்றுக்கும் ‘கெட் டவுன்’ போட்டுவிடுகிறோம். அங்கே பஸ்ஸும் ரயிலும் ‘கெட் ஆஃப்’, கார் ‘கெட் அவுட்’, கட்டில் ‘கெட் அவுட் ஆஃப் பெட்’. உள்ளே நின்று நடக்க முடிகிற வண்டியென்றால் ஆன், ஆஃப். குனிந்து நுழைந்து உட்காருகிறதென்றால் இன், அவுட். ‘ப்ளீஸ் கெட் டவுன்’ என்று ஒரு நோயாளியிடம் சொன்னால், குனியச் சொல்கிறீர்களா, தரையில் உட்காரச் சொல்கிறீர்களா என்று குழம்பிப்போவார்.

உங்கள் காதுக்குச் சிரமம் தருவது அர்த்தம் மட்டும் இல்லை, உச்சரிப்பும் கூட. வட இங்கிலாந்தில் ‘கெட் ஆஃப்’ என்பது ‘கெராஃப்’ ஆகும், ‘கெட் அப்’ என்பது ‘கெரப்’ ஆகும். ‘ட்’ என்ற ஒலி இரண்டு உயிருக்கு நடுவில் ‘ர’ ஆகிவிடுகிறது. ‘காட் டு’ என்பது ‘காட்டா’. இதைத் தெரியாமல் கேட்டால் ‘கெட்’ என்று ஒன்று வந்ததே நமக்குத் தெரியாது. வந்த ஐந்து மாதத்தில் இது பிடிபடவில்லை என்றால் அதிசயம் ஒன்றுமில்லை. நெல்லைக்காரர் வேகமாகப் பேசினால் சென்னைக்காரருக்கு முதல் வாரம் பிடிபடுமா?

நீங்கள் இருக்கும் ஊர்தான் இந்தச் சொல்லுக்குத் தாய்வீடு மாதிரி என்பதையும் சொல்ல ஆசைப்படுகிறேன். ‘கெட்’, இங்கிலாந்து மண்ணில் தனியாக வளர்ந்த சொல் இல்லை. வட ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் 866-இல் யார்க் நகரத்தைப் பிடித்து யோர்விக் என்று அழைத்தார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’ என்ற வினைதான் ஆங்கிலத்துக்குள் வந்து ‘கெட்’ ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் இதற்கு உறவான சொல் தனியாக நிற்காமல், ‘ஃபர்கெட்’ போன்ற சொற்களின் வாலாக மட்டுமே இருந்தது. உங்கள் பக்கத்தில் விட்பி, செல்பி, வெதர்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன அல்லவா, அந்த ‘பி’யும் அவர்கள் விட்டுப்போனதுதான், நம் ‘பட்டி’ மாதிரி குடியிருப்பு என்று பொருள். ‘லெக்’, ‘ஸ்கின்’, ‘இல்’ என்று நீங்கள் வார்டில் நாள் முழுக்கப் புழங்கும் சொற்களும் அதே வழியாக வந்தவை. உடம்பு, நோய், வீடு, சாப்பாடு என்று அன்றாடத்தோடு ஒட்டிய சொற்கள் இவை.

‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘அரைவ்’, ‘ரிகவர்’ எல்லாம் வேறு வழியாக வந்தன. 1066-க்குப் பிறகு நார்மன்கள் ஆண்ட காலத்திலும் அதை ஒட்டியும் பிரெஞ்சிலிருந்து வந்து, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் எழுத்திலும் உட்கார்ந்துகொண்டவை. அதனால்தான் இன்றைக்கும் ‘அப்டெய்ன்’ விண்ணப்பப் படிவம் மாதிரி ஒலிக்கிறது, ‘கெட்’ சமையலறை மாதிரி ஒலிக்கிறது. உங்கள் டீச்சர் சொன்னது தப்பில்லை. கட்டுரையில், ஓ.இ.டி. தேர்வில் எழுதும் மடலில், நோயாளியின் குறிப்பேட்டில் ‘காட்’டைத் தவிர்த்து ‘ரிசீவ்டு’, ‘பிகேம்’, ‘வாஸ் டிரான்ஸ்ஃபர்டு’ என்று எழுதுவதுதான் நல்லது, அங்கே சந்தேகத்துக்கு இடம் இருக்கக் கூடாது. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மறு பாதியை விட்டுவிட்டார். பேசும்போது அந்தச் சொற்களை எடுத்தால் மனிதர் தள்ளிப்போய்விடுவார். குளிரில் நடுங்கும் ஒரு கிழவரிடம் நீங்கள், ‘போர்வையைப் பெற்று வருகிறேன் ஐயா’ என்பீர்களா, ‘இருங்கப்பா, போர்வை எடுத்துட்டு வரேன்’ என்பீர்களா? ‘ஐ வில் அப்டெய்ன் எ பிளாங்கெட்’ முதலாவது. ‘ஐல் கெட் யூ எ பிளாங்கெட்’ இரண்டாவது. படித்தவர்கள் என்று காட்டிக்கொள்ள நாம் முதலாவதைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ‘கெட்’ வரும் தொடர்கள் நூறு என்று பட்டியல் போட்டு விற்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படி நகலெடுத்துக் கொடுத்ததுண்டு. பத்தாவது நாள் ஒருவருக்கும் நினைவில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ட்யூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும், அன்றைக்குக் காதில் விழுந்த மூன்று ‘கெட்’ வாக்கியங்களை முழுசாக எழுதுங்கள். நோயாளியின் பெயர், படுக்கை எண், நோய் எதுவும் அதில் வரக் கூடாது, வெறும் வாக்கியம் மட்டும். அதற்குக் கீழே தமிழில் எழுதுங்கள். அகராதித் தமிழில் வேண்டாம். அதையே உங்கள் ஊரில் உங்கள் அம்மா சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார்களோ, அப்படி எழுதுங்கள். ‘தோதாவே இல்ல’ என்றோ ‘ஆறிப்போயிடுச்சு’ என்றோ அந்த வார்த்தையே வரட்டும். இரண்டு மாதத்தில் எந்த வாக்கியம் ‘ஆகு’, எது ‘கிடை’, எது ‘சேர்’ என்று உங்கள் காது தானாகப் பிரிக்க ஆரம்பிக்கும்.

கடைசியாக, அந்தப் பாட்டி. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதை நினைத்து நீங்கள் வருத்தப்படுவது கடிதத்தில் தெரிகிறது. அவர் இன்னும் அந்த வார்டில்தான் இருக்கிறார் என்றால், இன்று ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் நீங்களே போய், ‘ஆர் யூ மேனேஜிங் டு கெட் கம்ஃபர்டபிள்?’ என்று கேளுங்கள். இல்லை என்பார். ‘ரைட், லெட்ஸ் ஸீ இஃப் வீ கேன் கெட் யூ கம்ஃபர்டபிள், தென்’ என்று சொல்லிவிட்டு, தலையணையை எடுத்து, இடுப்புக்குக் கீழே வைக்கவா முழங்காலுக்கு அடியில் வைக்கவா என்று அவரிடமே கேளுங்கள்.